ஜொகூரில் மழை, செக் ஜாவாவில் மரணம்

நடைபாலத்தின் கைப்பிடிக்கு வெளியே நீண்டிருந்த, வெண்கண்டல் என்ற சதுப்புநில மரத்தின் கிளையை அத்தை பறிக்கவில்லை. இலையின் மேல் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரிந்த செய்தி. என் மாமியாரான அவரைச் சிங்கப்பூரின் உபின் தீவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நான் பல மாதங்களாக நினைத்ததற்கு அதுவே காரணம்.

சாங்கி முனையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து படகேறினோம். தீவில் வேன் பிடித்துக் கிழக்குக் கோடியிலுள்ள செக் ஜாவாவுக்கு வந்தோம். வரும் வழியில், 2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கே கடல் உயிர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்த கதையைச் சொல்லியிருந்தேன். அது அவர் மனத்தில் நின்றுவிட்டது.

"எதனால் செத்தன என்று சொன்னாய்?"

"மழையால், அத்தை."

"கடலுக்குள்ளே கிடக்கிற உயிர் மழையில் சாகுமா, அம்மா?"

இந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல முயன்றால், ஒரு சூழல் மண்டலம் எப்படி இயங்குகிறது என்பதில் பாதியைச் சொல்லிவிடலாம். அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன்.

இடம்

செக் ஜாவா ஏறத்தாழ 100 ஹெக்டர் பரப்புள்ள ஈரநிலம். கரையோரக் காடு, சதுப்புநிலக் காடு, மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதறல் பரப்பு என ஆறு வகை வாழிடங்கள் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. சிங்கப்பூரின் கரையில் பெரும் பகுதி மண் கொட்டி நேராக்கப்பட்டுவிட்ட பிறகு, இப்படி ஒரே இடத்தில் இவை சேர்ந்திருப்பது அரிது.

இந்த இடமும் மண்ணுக்கடியில் போயிருக்க வேண்டியது. கடலில் மண் கொட்டி நிலமாக்கும் நிலமீட்புப் பணிக்குத் திட்டம் தயாராக இருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் இங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்து அரசாங்கத்திடம் எடுத்துரைத்தார்கள். வற்றிய கடலைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2002 ஜனவரியில் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. மக்கள் கேட்டு ஒரு கரை பிழைத்தது என்பதை இன்றும் நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆய்வுக்கு முக்கியமான பகுதி ஓதவெளி. ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் நிலத்தை அப்படி அழைக்கிறேன். சங்கப் புலவர்கள் நெய்தல் என்று பாடிய நிலத்தின் விளிம்பு இது: கழி, கண்டல், அலவன் என்ற நண்டு எல்லாம் இங்கே உண்டு. வெயிலையும் அலையையும் இங்குள்ள உயிர்கள் அன்றாடம் மாறி மாறித் தாங்குகின்றன. மழையையும் தாங்குகின்றன. ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். கதையின் முடிச்சு அங்கே இருக்கிறது.

நடந்தது

2006 டிசம்பர் 19. சிங்கப்பூரில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. நீரிணைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நிலைமை இன்னும் மோசம். முதல் வெள்ளம் டிசம்பரில் வந்தது. அது வடிந்து மக்கள் வீடு திரும்புவதற்குள் ஜனவரி நடுவில் இரண்டாவது வெள்ளம் வந்தது. ஜொகூர் ஆற்றங்கரையில் இருக்கும் கோத்தா திங்கி நகரம் மூழ்கியது. மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மனிதர்கள் பட்ட துன்பத்துக்கு முன்னால் கடல் அட்டையையும் கடற்பஞ்சையும் பற்றிப் பேசுவது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் இரண்டையும் செய்தது ஒரே நீர்தான்.

ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், உபின், தெக்கோங் தீவுகள் இருக்கும் பக்கம் திறக்கிறது. வெள்ளம் முழுவதும் ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் வந்து விழுந்தது. கடலின் உப்புத்தன்மை இறங்கியது.

ஜனவரியில் செக் ஜாவாவுக்குப் போனவர்கள் கண்டது, அதற்கு முன் அங்கே யாரும் கண்டிராத காட்சி. பூப்போலத் தோன்றும் விலங்குகளான கடல்சாமந்திகளில், கம்பளம்போல் விரிந்து கிடக்கும் பெரியவை வெளுத்தும் செத்தும் கிடந்தன. கடற்பஞ்சுகள் அழுகின. நட்சத்திர மீன்களும் கடல் அட்டைகளும் மடிந்தன. முன்பு காலை எங்கே வைப்பது என்று யோசித்து நடந்த இடங்கள் வெறும் மணலாகக் கிடந்தன.

பார்வையாளர்களுக்கென்று கட்டப்பட்டுவந்த நடைபாலம் 2007 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அதாவது, மக்கள் கால் நனையாமல் வந்து பார்க்கப் பாதை தயாரான வேளையில், பார்க்க இருந்தவற்றில் ஒரு பகுதி போய்விட்டிருந்தது.

நன்னீர் எப்படிக் கொல்கிறது

அத்தைக்கு நான் சமையலறையிலிருந்துதான் விளக்கினேன். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் நீர் விடுகிறது. உலர்திராட்சையை நீரில் போட்டால் ஊதிப் பருக்கிறது. நீர், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு மெல்லிய சவ்வைத் தாண்டிப் போகும். பள்ளிப் பாடத்தில் இதைச் சவ்வூடு பரவல் என்று படித்திருப்போம்.

நட்சத்திர மீனின் உடலுக்குள் இருக்கும் திரவமும் வெளியே இருக்கும் கடல்நீரும் ஏறத்தாழ ஒரே அளவு உப்புள்ளவை. ஆகவே சாதாரண நாளில் நீர் உள்ளே புகுவதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. வெளியே உப்பு குறைந்ததும் நீர் உள்ளே பாய்கிறது. நமக்குச் சிறுநீரகம் இருப்பதுபோல் அதிக நீரை வெளியேற்ற அதற்கு உறுப்பு எதுவும் இல்லை. செல்கள் ஊதி, வேலை குலைந்து, இறுதியில் உயிர் போகிறது. கடல் அட்டைக்கும் இதே கதிதான். இரண்டும் ஒரே இனத்தொகுதி. கடல்சாமந்தியும் கடற்பஞ்சும் வேறு வகை உயிர்கள் என்றாலும் இந்த விஷயத்தில் அவற்றுக்கும் காவல் இல்லை. மேலும் கம்பளக் கடல்சாமந்தியின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைப் பிடித்து உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. நெருக்கடி வந்தால் அந்தக் குடித்தனம் கலைகிறது. வெளுத்துப்போவது என்று சொல்வது அதைத்தான்.

நண்டுக்கும் மீனுக்கும் செவுள் வழியே உப்பைச் சமன்செய்யும் திறன் உண்டு. மீன் நீந்தித் தப்பிக்கும். நண்டு வளைக்குள் இறங்கும். "எங்கள் கழியில் வெள்ளம் வந்தால் நண்டு மேட்டுக்கு ஏறிவிடும், அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் வலையை இழுப்பார்கள்" என்றார் அத்தை. சிப்பியும், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு மோசமான நேரம் கடக்கட்டும் என்று காத்திருக்கும். சதுப்புநில மரங்களுக்கோ நன்னீர் பகையே இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். ஆழமான இடத்தில் தரையோடு கிடக்கும் உயிருக்குத் தலைக்கு மேல் வெள்ளம் போனாலும், அதைச் சுற்றி உப்புநீர் இருக்கும். ஓதவெளியில் இருப்பவற்றுக்கு அந்த வாய்ப்பில்லை. ஓதம் இறங்க இறங்க, மேலே மிதக்கும் நன்னீர்ப் படலம் அவற்றின் மேலேயே வந்து படிகிறது. தினமும் பெய்யும் மழையில் அது சில மணி நேரச் சோதனை. ஓதம் ஏறினால் தீர்ந்தது. 2006-07இல் ஏறிய ஓதமும் நீர்த்துப்போயிருந்தது. அந்த நிலை நாட்கணக்கில் நீடித்தது, தணிந்ததும் மறுபடி வந்தது. மழையின் அளவைவிட, மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காததே அவற்றைக் கொன்றது என்பது என் கணிப்பு.

செத்தவர்கள் செய்துவந்த வேலை

எந்த உயிர் செத்தது என்ற பட்டியலோடு இது போன்ற செய்திகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதாது. ஒவ்வொன்றும் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால்தான் இழப்பின் அளவு தெரியும்.

மணற்கரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். சுண்டைக்காய் அளவுள்ள நண்டு ஒன்று துளையிலிருந்து எட்டிப் பார்க்கும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு கொடுக்குகளாலும் மணலை அள்ளி வாயில் வைக்கும். மணல்துகள்மேல் படிந்திருக்கும் நுண்பாசியையும் மட்கிய துணுக்கையும் வாயுறுப்பு சலித்து எடுத்துக்கொள்ளும். மிச்ச மணல் ஈரத்தோடு உருண்டு முகத்தின் முன் திரளும். மிளகு அளவு ஆனதும் காலால் உருவிப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்த பிடியை அள்ளும். துளையிலிருந்து கதிர் விரிவதுபோல் உருண்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்படும். நிழல் பட்டால் நண்டு மறைந்துவிடும். ஓதம் ஏறினால் உருண்டைகள் கரைந்துவிடும். அடுத்த வற்றத்தில் அந்த மணலில் புதிய படிவு இருக்கும். நண்டும் மறுபடி வரும். அத்தை முழந்தாளைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலப்புள்ளி வைக்கிறது என்றார்.

அந்தச் சின்ன நண்டு உணவு வலையின் அடித்தளத்தில் நிற்கிறது. சூரிய ஒளியைப் பிடிப்பவை கடற்புல், கண்டல் மரம், சேற்றின் மேலிருக்கும் நுண்பாசி, நீரில் மிதக்கும் மிதவைத் தாவரங்கள். கடற்புல்லிலும் கண்டல் இலையிலும் பெரும்பகுதி பச்சையாக யாருக்கும் உணவாவதில்லை. உதிர்ந்து, நண்டுகளால் துண்டாக்கப்பட்டு, பூஞ்சையும் பாக்டீரியாவும் படிந்து மட்கான பிறகுதான் அது பலருக்கு உணவு. வீட்டில் மாவு புளித்த பிறகு உணவாவதுபோல என்று சொல்லலாம். கடல் அட்டை சேற்றை விழுங்கிச் சத்தை எடுத்துக்கொண்டு மணலைக் கழிக்கிறது. அதனால் படிவு கிளறப்பட்டுக் காற்று உள்ளே போகிறது. கடற்பஞ்சு ஒரு நாளில் தன் உடல் கொள்ளளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீரை இழுத்து, மிதவையுயிர்களையும் பாக்டீரியாவையும் வடிகட்டி விடுகிறது. கம்பளக் கடல்சாமந்தி சிறு இறால்களுக்கு வீடு.

இவர்களைத் தின்று சில மீன்கள், மீனைத் தின்று நாரைகள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றலில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மிச்சம் உயிர் வாழும் செலவிலும் வெப்பமாகவும் போய்விடும். ஆயிரம் கிலோ பாசியும் மட்கும் இருந்தால் அவற்றைத் தின்பவை நூறு கிலோ, அவற்றைத் தின்பவை பத்துக் கிலோ என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் நாரைக்குப் பின்னால் எத்தனை சதுர மீட்டர் சேறு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஆக, 2007 ஜனவரியில் வடிகட்டுபவர்களில் ஒரு பகுதியும் சேற்றைக் கிளறுபவர்களில் ஒரு பகுதியும் ஒரே நேரத்தில் காணாமல் போனார்கள். போன உடல்களோ அப்படியே கிடந்தன. அழுகலை வேலையாகக் கொண்ட பாக்டீரியாவுக்கு அது பெருவிருந்து. அவை பெருகி ஆக்சிஜனைச் செலவழித்தால், அடிச்சேற்றில் ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா வேலையைத் தொடரும். அழுகிய முட்டை வாடையும் கரிய சேறும் அதன் அடையாளம். பார்ப்பதற்கு அருவருப்பான இந்தக் கட்டத்தில்தான் செத்த உடலில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் விடுபட்டு, பாசிக்கும் கடற்புல்லுக்கும் உரமாகத் திரும்புகின்றன.

மண்டலம் செத்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றின் அன்னதானக் கூடத்தில் நான் பல ஆண்டுகள் உதவியிருக்கிறேன். காய் நறுக்குபவர் இருவர் வராவிட்டால் மற்றவர்கள் உட்கார்ந்து நறுக்கிவிடுவார்கள். பந்தி சற்றுத் தாமதமாகும், நிற்காது. ஒரே வேலையைச் செய்யக்கூடியவர் பலர் இருப்பதே அந்தக் கூடத்தின் பலம். செக் ஜாவாவிலும் கடற்பஞ்சு போனபோது சிப்பி வடிகட்டியது. கடல் அட்டை போனபோது நண்டும் புழுவும் சேற்றைக் கிளறின. பல்லுயிர்ச் செழிப்பு என்பதைப் பலரும் அழகுக்கான கணக்காக நினைக்கிறார்கள். எனக்கு அது, ஆள் வராத நாளில் பந்தி நடக்கும் என்ற உறுதி.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு

அதே நீரிணையில் 2015 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது மிதவையுயிர்கள் அளவுமீறிப் பெருகின. 77 மீன் பண்ணைகள் பாதிக்கப்பட்டன. 500 முதல் 600 டன் மீன்கள் மடிந்தன. நீரில் சத்து கூடி, ஓதத்தின் வழியே நீர் சரியாக மாறாமல் தேங்கியது காரணமாகச் சொல்லப்பட்டது. 2007இல் தப்பிக்கத் தெரிந்தவை மீன்கள். 2015இல் வலைக்குள் இருந்ததால் அவற்றால் தப்பிக்க முடியவில்லை. ஒன்றில் வெள்ளம், மற்றொன்றில் தேக்கம். உயிர் வாழ எது தேவையோ அதே நீரும் அதே சத்தும் எல்லை கடந்தால் என்ன செய்யும் என்பதற்கு ஒரே நீரிணையில் இரண்டு சான்றுகள்.

திரும்பி வந்தவை

வெள்ளம் வடிந்து உப்புத்தன்மை பழைய நிலைக்கு வந்தது. வெறுமையான மணலில் குடியேறப் புதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இங்கே செத்தவற்றின் பிள்ளைகள் எல்லாம் இங்கே இருந்திருக்க முடியாது. கரையில் அசையாமல் வாழும் கடல் உயிர்கள் பலவற்றுக்கும் வாழ்வின் தொடக்கத்தில் ஒரு நாடோடிப் பருவம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத லார்வாவாக நீரோட்டத்தில் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மிதந்து, ஏற்ற தரை கிடைத்தால் படிந்துவிடும். வெள்ளம் எட்டாத வேறு கரைகளில் பிழைத்திருந்தவையே செக் ஜாவாவுக்கு விதை கொடுத்திருக்க வேண்டும்.

மீட்சி ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சீக்கிரம் பெருகும், குறைந்த காலம் வாழும் உயிர்கள் முதலில் இடம் பிடிக்கும். மெல்ல வளர்ந்து நீண்ட நாள் வாழ்பவை கடைசியில் வரும். கம்பளக் கடல்சாமந்திகள் பின்வந்த ஆண்டுகளில் மறுபடி காணப்பட்டன. 2007 முதல் தன்னார்வலர்கள் கயிறு கட்டி, சட்டம் வைத்து, கடற்புல்லின் பரப்பைக் கணக்கெடுத்துவருகிறார்கள். கொளுத்தும் வெயிலில் சேற்றில் முட்டியிட்டு இலை எண்ணும் அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. அவர்கள் எண்ணாவிட்டால் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று நாம் பேசவே முடியாது.

எல்லை எங்கே?

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: வரைபடத்தில் செக் ஜாவாவைச் சுற்றிப் போட்டிருக்கும் கோடு அதன் உண்மையான எல்லை ஆகாது. அதைக் கொன்ற நீர், வேறொரு நாட்டில், பல கிலோமீட்டர் உள்ளே, ஒரு ஆற்றுப் படுகையில் பெய்தது. அந்தப் படுகையில் இப்போது பெருமளவு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களும் குடியிருப்புகளும். அடர்ந்த காட்டுத் தரை மழையை உறிஞ்சி மெல்ல விடும். இறுகிய தரையும் வெட்டிய வாய்க்காலும் அதை வேகமாக ஆற்றுக்கு அனுப்பும். செக் ஜாவாவில் குடியேறி அதை உயிர்ப்பித்த லார்வாக்களும் வேறு கரைகளிலிருந்து வந்தவை. 2001இல் இந்த 100 ஹெக்டரைக் காப்பாற்றியது அவசியமானது. ஆனால் காப்பாற்றப்பட்டது ஒரு கண்ணி. வலை அதைவிடப் பெரியது.

அந்த ஆறு நமக்கு அந்நியமும் இல்லை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை நீர் எடுக்கும் உரிமை 2061 வரை சிங்கப்பூருக்கு உண்டு. மேற்புறத்தில் லிங்கியு நீர்த்தேக்கம் 1995இல் கட்டி முடிக்கப்பட்டது. வறட்சியில் அங்கிருந்து நீரைத் திறந்துவிட்டு, கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறிவராமல் தடுக்கிறார்கள். குடிநீர் எடுக்கும் இடத்தில் உப்பு ஏறக்கூடாது என்பது நம் கவலை. செக் ஜாவாவில் உப்பு இறங்கக்கூடாது என்பது கடல்சாமந்தியின் தேவை. இரண்டும் ஒரே கழிமுகத்தில் நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் ஒரு கோட்டைப் பற்றியவை.

செக் ஜாவாவின் பார்வைக் கோபுரமான ஜெஜாவி கோபுரத்தின் உச்சிக்கு ஏறினோம். அத்தை வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மேலே போனதும் வடக்கே கை நீட்டி ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். "கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஊருக்கு வருகிற அதே வடகிழக்குக் காற்று மழைதானே இங்கேயும்?" என்றார். அதேதான். அடுத்த பருவமழைக்கு முன்னும் பின்னும் வந்து பார்ப்பது என்று அங்கேயே முடிவுசெய்தோம். ஒப்பிட இன்றைய கணக்கு வேண்டுமே என்று இறங்கி, கரையோர நடைபாலத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, வற்றிய நீரில் கண்ணுக்குத் தெரிந்த கடல்சாமந்திகளை எண்ணிக் குறித்துக்கொண்டேன். நான்கு. அத்தை ஐந்து என்றார். திரும்பவும் நடந்து எண்ணினோம். கடற்புல்லுக்கடியில் பாதி மறைந்திருந்த ஒன்றை நான் விட்டிருந்தேன். ஐந்து என்று திருத்தி, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதினேன்.